அம்மாவுக்குப் போட்ட பட்டுப்புடவை

ஜனவரி 6, செவ்வாய்

மைதா மூட்டை இறக்க வந்தவர் கம்பெனி டைரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு டைரி எழுதும் பழக்கமில்லை. வினோதினிதான், "கடை வேலைய எல்லாம் இதுல எழுதி வைங்க. நாளைக்கு ஒண்ணை மறந்துட்டு எம்மேல எரிஞ்சு விழாதீங்க" என்றாள். கல்யாணமான இந்த நாலு வருடத்தில் நான் எரிந்து விழுந்ததே இல்லை என்று எழுதி வைக்கிறேன்.

கோயம்புத்தூர் பேக்கரியில் பதினொரு வருடம் கேக் மாஸ்டராக இருந்தாயிற்று. இனி சொந்தக் கடை, சொந்த ஊர். பெயர் 'பூபதி கேக் ஹவுஸ்'. திறப்பு விழா 28ஆம் தேதி. அடுப்பு வந்துவிட்டது. கண்ணாடி அலமாரி வெள்ளிக்கிழமை வரும். பாக்கி இருப்பது போர்டு.

ஜனவரி 8, வியாழன்

போர்டு விஷயமாக மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் எதைக் கேட்டாலும் எல்.இ.டி. என்றார். ஓடுகிற லைட், அணைந்து அணைந்து எரிகிற லைட், ஏழு கலர் லைட். என் கடை கேக் கடையா, சர்க்கஸா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது கடைக்காரர் போனை விட்டு நிமிரவே இல்லை.

மூன்றாவது தமீம் பாய். இவர்தான் கடைக்கே நேரில் வந்து பார்த்தார். எதிரில் உள்ள பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தம்பி, எழுத்து ஒரு அடி உசரமாவது வேணும். பஸ்ஸுல போறவன் மூணு செகண்டுல படிக்கோணும். போன் நம்பரு, ஜி.எஸ்.டி. நம்பரு, கொழந்தை படம், பூ படம் எல்லாத்தையும் திணிச்சீங்கன்னா ஒருத்தனும் எதையும் படிக்க மாட்டான்" என்றார். மேற்கே பார்த்த கடை என்பதால் சாயங்கால வெயிலில் ஃபிளெக்ஸ் ஆறு மாதத்தில் வெளுத்துவிடுமாம். நிரந்தர போர்டுக்கு அலுமினிய ஷீட், மேலே அக்ரிலிக் எழுத்து, கரும்பழுப்பில் வெள்ளை. திறப்பு விழாவுக்கு மட்டும் கடை முன்னால் ரோட்டோரம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். செலவும் கைக்குள் அடங்கும். நியாயமான மனுஷன்.

கடையின் பக்கச் சுவரில் நகராட்சிக்காரர்கள் ஒரு போர்டு அடித்து வைத்திருக்கிறார்கள். பச்சை வாளி, நீல வாளி படம் போட்டு ஏதோ குப்பை விஷயம். நம் போர்டின் அழகே கெடுகிறது. அதன்மேல் நம்முடையதை அடிக்கலாமா என்றேன். "அதை மறைக்காதீங்க தம்பி, அதும் ஒரு போர்டுதான்" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

கட்டட ஓனர் குழந்தைசாமி வந்தார். எதிர் டீக்கடையில்தான் காலையும் மாலையும் உட்கார்ந்திருப்பார், ஆனாலும் 'வந்தார்' என்றால் அது ஒரு விஷயம். அவர் பேத்தி பிறந்தநாள் கேக் நம்மிடம்தானாம்.

"அப்பா இல்லைன்னு சொன்னீங்க. அம்மா என்ன பண்றாங்க?"

"நகராட்சியில இருக்காங்க."

"அட, ஆபீஸுலயா? ஒரு வரி விஷயமா நானே ஒரு ஆள் தேடிட்டு இருந்தேன்."

அதற்குள் எனக்குப் போன் வந்தது, பேசப் போய்விட்டேன். நகராட்சியில் இருப்பது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

வினோதினியும் நானும் அம்மா வீட்டுக்குப் போனோம். நகராட்சிக் குடியிருப்பில் அதே ஒற்றை அறை. எங்களோடு வந்து இரு என்று கேட்டிருக்கிறேன். எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

பேனர் விஷயத்தைச் சொன்னேன். மேலே ஒரு ஓரத்தில் 'ஆசியுடன்' என்று பெரியவர்கள் படம் போடுவது வழக்கம், உன் படம் ஒன்று வேண்டும் என்றேன். அம்மா எழுந்து போய், பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தாள். லேமினேஷன் போட்ட போட்டோ. போன ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்தில் சிறந்த தூய்மைப் பணியாளர் என்று கமிஷனர் சான்றிதழ் கொடுக்கிறார். நீலச் சேலை, அதன்மேல் காக்கிக் கோட்டு. கையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"எம்படம் போடறதுன்னா இதையே போட்டுரு சாமி. இதுலதான் நான் நல்லா இருக்கறேன்" என்றாள்.

அந்த விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். பேக்கரியில் லீவு கிடைக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

தமீம் பாய் கடையில் மூன்று மணி நேரம். அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறைய உடம்புகள் இருக்கின்றன. தலை கிடையாது. கோட்டு போட்ட உடம்பு, வெள்ளை வேட்டி சட்டை உடம்பு, கும்பிடுகிற உடம்பு, பட்டுப்புடவை உடம்பு மட்டும் பதினைந்து. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று வருகிறவர்களிடம் நல்ல படம் இருக்காதாம். முகத்தை வெட்டி இந்த உடம்பில் ஒட்டிக் கொடுத்துவிடுவார். ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே நீலக் கோட்டில்தான் பேனரில் சிரிக்கிறார்கள். எனக்கும் அதே நீலக் கோட்டு. இனிமேல்தான் ஒரு கோட்டு தைக்க வேண்டும்.

அம்மாவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இப்படியே போட்டுரலாமே தம்பி. சர்டிபிகேட்டோட கம்பீரமா இருக்குது" என்றார்.

"சாப்பாட்டுக் கடை பாய்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பட்டுப்புடவை ஃபோல்டரைத் திறந்தார்.

அரக்குக் கலர் தேர்ந்தெடுத்தேன். கும்பிட்ட கை, கை நிறைய வளையல், கழுத்தில் இரண்டு சங்கிலி. முகத்துக்கும் கைக்கும் நிறம் சேரவில்லை. கையைக் கறுப்பாக்கலாம், முகத்தை வெளுப்பாக்கலாம், எது வேண்டும் என்று கேட்டார். முகத்தையே செய்யச் சொன்னேன். எதற்கு என்றால், பேனருக்கு வெளிச்சமான கலர்தான் எடுப்பாக இருக்கும்.

ஜனவரி 27, செவ்வாய்

பேனர் கட்டியாயிற்று. பத்தடிக்கு எட்டடி. ரோட்டு முனையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. ரோட்டோரம் வைக்க நகராட்சி அனுமதி வேண்டுமாம், விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள் என்று தமீம் பாய் சொன்னார். சரி என்றேன். ஊரில் யார் அனுமதி வாங்குகிறார்கள்?

ஜனவரி 28, புதன்

திறந்தாயிற்று. நல்ல கூட்டம். குழந்தைசாமி குத்துவிளக்கு ஏற்றினார். பப்ஸ் பதினொரு மணிக்கே தீர்ந்தது. வினோதினிக்கு நிற்க நேரமில்லை.

காலையில் ஒரே நெரிசலாக இருக்கும், சாயந்திரம் நிதானமாக வா என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நாலு மணிக்கு வந்தாள். குளித்து, மஞ்சள் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். உடனே உள்ளே வரவில்லை. பேனருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனேன்.

"சாமி, இது ஆரு?"

"நீதாம்மா."

மறுபடி பார்த்தாள். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "வளவியெல்லாம் போட்டிருக்கறேன்" என்று சிரித்தாள். பிறகு, "அந்தச் சர்டிபிகேட்டு போடலியா? எடம் பத்தலியா சாமி?" என்றாள்.

"ஆமாம்மா. எடம் பத்தல."

பத்தடிக்கு எட்டடி.

ஜனவரி 31, சனி

அம்மா போன் செய்தாள். திங்கட்கிழமை முதல் அவளுக்கு எங்கள் வார்டாம். "உன்ற கடை முன்னாடிதான் சாமி தெனமும் வண்டி தள்ளீட்டு வருவேன்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். நல்லதும்மா என்றேன்.

வண்டி ஆறே முக்காலுக்கு வரும். குப்பை வாளியை ஆறரைக்கே வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

வாளி வைத்தேன். வெண்ணெய்க் கேக் இரண்டு டிரே.

பிப்ரவரி 5, வியாழன்

வாளி வைத்தேன். தமீம் பாய் போன் செய்து பேனரைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்டார். பேனரைப் பார்த்து இந்த வாரம் மட்டும் ஐந்து ஆர்டர். எதற்குக் கழற்ற வேண்டும்? நிரந்தர போர்டு வரட்டும், பார்க்கலாம்.

பிப்ரவரி 9, திங்கள்

வினோதினி எப்போதும் ஒன்பது மணிக்குத்தான் கடைக்கு வருவாள். இன்று ஆறரைக்கே வந்துவிட்டாள். வாளியை வைத்துவிட்டு நான் உள்ளே போனதும், அவள் வெளியே போய் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். வந்து, "அத்தைக்கு டீ குடுத்தேன். வாசல்லயே நின்னு குடிச்சாங்க. உள்ள வாங்கன்னா, அடுப்புல வேலையா இருப்பான், தொந்தரவு பண்ணாதங்கறாங்க" என்றாள்.

"வேலைதான் இருந்துச்சு" என்றேன்.

"அடுப்பே இன்னும் பத்த வெக்கல" என்றாள்.

பிப்ரவரி 12, வியாழன்

எழுதாமல் படுத்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பதினொரு மணி. வினோதினி முட்டை வாங்கப் போயிருந்தாள். கடையில் கேக் ஆர்டர் கொடுக்க வந்த இரண்டு பெண்கள். குழந்தைசாமி நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தி கேக்கில் என்ன பொம்மை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே பேனருக்குப் பக்கத்தில் நகராட்சி டிராக்டர் வந்து நின்றது. அனுமதி இல்லாத பேனர்களை எல்லாம் கழற்றுகிறார்களாம். மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களோடு அம்மா.

சூப்பர்வைசர் புது ஆள். டிராக்டரை விட்டு இறங்காமலே, "மயிலாத்தா, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டுங்க, அப்புறம் வந்து சண்டை போடப் போறாங்க" என்றார்.

அம்மா வாசல்படிக்குக் கீழே வந்து நின்றாள். நீலச் சேலை, காக்கிக் கோட்டு. அந்த போட்டோவில் இருக்கிற அதே கோட்டு. என்னை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க ஓனருங்களா, பேனரைக் கழட்டிக்கலாங்களா?"

என்னைப் பெற்றவள். முப்பத்திரண்டு வருடத்தில் என்னைச் சாமி என்றோ கண்ணு என்றோ தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு வழி வைத்துக் கொடுத்துவிட்டு நின்றாள். நான் அந்த வழியிலேயே போனேன்.

"கழட்டிக்கங்க" என்றேன்.

கூட வந்த மூன்று பேரும் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் அம்மா முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு மட்டும் அல்ல, இந்த வார்டுக்கு வந்த முதல் நாளே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கயிற்றை அறுத்தார்கள். பேனர் மடங்கி விழுந்தது. அம்மாவின் முகம் இருந்த பக்கம் தரையில் மேலே பார்த்துக் கிடந்தது. அம்மா அதைச் சுருட்ட வந்தாள். குழந்தைசாமி எழுந்து வாசலுக்கு வந்தார். பேனரைப் பார்த்தார், குனிந்து நிற்கிறவளைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தமீம் பாய் வேலை அவ்வளவு சுத்தம்.

"ஏம்மா, பாத்து மடி. பெரியவங்க மொகத்து மேல காலை வெச்சுராத. அது அவங்கம்மா படம்" என்றார்.

"சரீங்க" என்றாள் அம்மா. தன் முகத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், ஓரத்திலிருந்து சுருட்டினாள்.

குழந்தைசாமி என்னிடம் திரும்பி, "விடுங்க தம்பி, வருத்தப்படாதீங்க. வேற ஒண்ணு அடிச்சுக்கலாம்" என்றார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

அந்த நேரத்தில் 'அவங்கதாங்க எங்கம்மா' என்று சொல்ல நாலு வார்த்தைகூட வேண்டாம். கேக் ஆர்டர் எழுதினேன். ஒரு கிலோ, முட்டை இல்லாதது, மேலே முயல் பொம்மை.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

வாளி வைத்தேன். உள்ளே போய்விட்டேன். இன்றைக்கும்.

பிப்ரவரி 14, சனி

இதய வடிவக் கேக் இருபத்திரண்டு. வினோதினி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று கேக்குக்கு க்ரீம் பூசிக்கொண்டே, "அத்தை உங்களை வாங்க போங்கன்னாங்களாமே" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். அடுத்த கேக்கை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "வா சாமி, சாப்பிட்டியா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பக்கத்தில் விறகுக் கட்டை அடுக்கி வைத்திருந்தாள். அதன்மேல் மழைக்கு மூடாக்காக ஃபிளெக்ஸ். கழற்றுகிற பேனர்களை அவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்தான், அந்தக் குடியிருப்பில் பாதி வீட்டுக் குளியலறைக்குப் பேனர்தான் கூரை. இது என் கடைப் பேனர். அரக்குப் பட்டும் வளையல் கையும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. வெளுத்த அந்த முகத்தின் மேல் பறக்காமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருந்தாள்.

பேனரில் என் படம் இருந்த இடத்தைக் காணோம். சதுரமாக வெட்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நான் சுவரில் இருக்கிறேன். இரவல் நீலக் கோட்டோடு, நாலு மூலையிலும் ஆணி அடித்து.

"உம்படத்தை மட்டும் வெட்டிக்கிட்டேன் சாமி. அந்தம்மா ஆரோ பணக்காரி, எனக்கு என்னத்துக்கு?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

தலை குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"பின்ன, கடையில நாலு பேரு இருக்கறப்ப குப்பைக்காரி வந்து சாமின்னா உனக்குச் சங்கடம்ல? கடை ஓடோணும் கண்ணு. நான் எங்கியும் போயிரல."

நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கிறாள். சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த ஆகஸ்ட் போட்டோ இன்னொன்று இருந்தால் வேண்டும் என்றேன்.

"உங்கிட்டத்தான குடுத்தேன். அது ஒண்ணுதான் இருக்குது. பத்திரமா வெச்சிருக்கறயா?"

வைத்திருக்கிறேன் என்றேன். வாங்கிய போட்டோவை எங்கே வைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு நான் லீவே கேட்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

போட்டோ தமீம் பாய் கடையில்தான் இருந்தது. டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். இருபத்தேழு நாளாக இருக்கிறது. "வாங்க வருவீங்கன்னு தெரியும் தம்பி. என்னிக்குன்னுதான் தெரியல" என்றார். நிரந்தர போர்டு புதன்கிழமை தயாராகிவிடுமாம். வேறு எதுவும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பஸ்ஸில் போகிறவன் மூன்று செகண்டில் படித்தால் போதும் என்றேன்.

இது பெரிதாக்க வேண்டிய படம் இல்லை. சட்டம் மட்டும் போட்டு வாங்கினேன். கல்லாவுக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினேன். வினோதினி பார்த்துவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக முகம் கொடுத்து, "கொஞ்சம் எடது பக்கம் எறக்குங்க" என்றாள்.

ஆனால் உள்ளே மாட்டுவது சுலபம். உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருக்கிற படம் வாய் திறந்து யாரையும் சாமி என்று கூப்பிடாது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆறரைக்கு வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கீழே வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் டீக்கடையில் குழந்தைசாமியும் இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். அம்மாவுக்காகக் காத்திருக்கப் பயப்படுகிற மகனை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஆறே முக்காலுக்கு வண்டி திரும்பியது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் நடை தயங்கியது. டீக்கடையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்ததும் தாழ்ந்த குரலில், "குப்பைங்க ஓனருங்க" என்றாள்.

"அம்மா" என்றேன்.

முதலில் சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சத்தமாக வந்துவிட்டது. டீக்கடையில் பேச்சு நின்றது. குழந்தைசாமி டம்ளரைப் பிடித்தபடி எழுந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் நாளைக்குப் பேத்தி கேக்கை வாங்குவாரோ மாட்டாரோ. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுகிற நிலையில் இருந்தேன். அவள் என் கையிலிருந்த வாளியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏஞ்சாமி, வாளிய இப்பிடியா வெப்ப? முட்டை ஓடும் க்ரீம் கவரும் ஒண்ணாக் கொட்டி வெச்சிருக்கற. பச்சை வாளி ஒண்ணு, நீல வாளி ஒண்ணுன்னு உன்ற செவுத்துலயே படம் போட்டு போர்டு வெச்சிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது, எனக்கே தெரியுது. தெனமும் இங்கியே குத்த வெச்சு உக்காந்து, கையில நாந்தான பிரிச்சுட்டு இருக்கறேன்."

பதினைந்து நாள். தினமும், நான் உள்ளே போன பிறகு.